போனை எடுத்தவர் போக வேண்டும்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நம் தமிழ் மன்றத்து அன்பர்களுக்கும் என் வணக்கம். இப்படிப்பட்ட மலரில் உடன்பிறந்தவர் எழுதும் கட்டுரை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் கேட்டவர்களுக்கெல்லாம் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதையும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "உள்ளத எழுதுங்க தம்பி. இல்லேன்னா போட்டோவ மட்டும் போட்டு அடிச்சிருவோம்" என்றார்கள். உள்ளதை எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு என்னோடு பேச வேண்டாம் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், அதில் நியாயம் இருக்கிறது.

அண்ணன் பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சிற்றூரில். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. எங்கள் இருவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அப்பா காலமானபோது அவருக்குப் பத்தொன்பது. அந்த வருடமே எழுத்தர் தேர்வில் தேறி, டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ரயிலை விட்டு இறங்கும்போது தனக்குத் தெரிந்த இந்தி 'பானி' என்ற ஒரே சொல்தான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கரோல் பாக்கில் ஒரு மாடி அறையில் நம் பக்கத்து எழுத்தர்கள் நான்கு பேரோடு தங்கினார்.

அவருடைய முதல் குளிர்காலத்தில் அந்த அறையில் ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். மற்ற நான்கு பேருக்கும் இருபது வயதுகூட நிரம்பவில்லை. சாவு வீட்டில் என்ன செய்வது என்று ஊரில் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே யாரைக் கேட்பது? தெரிந்த தமிழர்களுக்கெல்லாம் போஸ்ட் ஆபீஸ் போனில் சொன்னார்கள். எல்லாரும் "ஐயோ பாவமே" என்றார்கள். மத்தியானம் வரை ஒருவரும் வரவில்லை. கடைசியில் படியேறி வந்தவர் கீழே துணிக்கடை வைத்திருந்த ஒரு பஞ்சாபிக்காரர். மூங்கிலும் கயிறும் வெள்ளைத் துணியும் அவர் கொண்டுவந்தார், வண்டியும் அவரே பிடித்தார். எல்லாம் முடிந்த பிறகு அண்ணன் அரைகுறை இந்தியில், உங்களை அனுப்பியது யார் என்று கேட்டிருக்கிறார். "கிஸி நே நஹீ. சுனா, தோ ஆ கயா" என்றாராம் அவர். யாரும் அனுப்பவில்லை, கேள்விப்பட்டேன், வந்தேன்.

அண்ணனுக்குக் கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் நம் மன்றம் பிறந்தது. ஏழெட்டு எழுத்தர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. பொங்கல் விழாவும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் பிறகுதான் வந்தன. முதலில் இருந்தது ஒரே வேலை: இந்த ஊரில் எந்தத் தமிழர் வீட்டில் சாவு விழுந்தாலும், அந்த வீட்டார் தனியாக நிற்கக் கூடாது. அதற்கு ஒரே விதி. செய்தி வந்ததும் போனை எடுத்தவர் யாரோ அவர் கிளம்ப வேண்டும். இன்னொருவரிடம் சொல்லிவிட்டு உட்காரக் கூடாது. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் போகிற வழியில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் போய் நிற்பது அவர்தான். செயற்குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்ட விதியல்ல இது. அண்ணன் அப்படிச் செய்தார், மற்றவர்களும் செய்தார்கள்.

வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு ரெக்சின் பை தொங்கும். உள்ளே வெள்ளைத் துணி, சணல் கயிறு, கத்தரிக்கோல், சூடம், தீப்பெட்டி, ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட். பிஸ்கட் யாருக்கு என்றால், அழுதுகொண்டிருப்பவர்களுக்கு. சாவு வீட்டில் அண்ணன் செய்யும் முதல் வேலை, பக்கத்து வீட்டில் டீ வாங்கி, மனைவியோ மகனோ யார் நொறுங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களை ஒரு பிஸ்கட்டாவது தின்ன வைப்பது. "பொறவு நெறைய நிக்கணும், தெம்பு வேணும்லா" என்பார். இந்துக் குடும்பமா, சர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பமா என்பதெல்லாம் அதன் பிறகு அவர் விசாரிப்பது.

என்னைப் பதினைந்து வயதில் அண்ணன் டெல்லிக்கு அழைத்துவந்து படிக்க வைத்தார். அப்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மத்திய அமைச்சகம் ஒன்றில் இணைச் செயலாளராக இருந்த ஒரு தமிழர், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார், அண்ணி அடுப்படியில். போன் அடித்தது. நான் எழுந்திருப்பதற்குள் அவரே எட்டி எடுத்துவிட்டார். ஒரு அலுவலகப் பியூன் இறந்துவிட்ட செய்தி. அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து விவரம் கேட்டார். கேட்டுவிட்டு, "சார், தப்பா நெனைக்காதீங்க. போனை எடுத்தவங்கதான் போகணும். அது எங்க வழக்கம். நானும் கூட வாரேன்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணன் கையைக் கிள்ளினேன். "பெரிய ஆபீசர்ணே!" என்று காதில் சொன்னேன். "அதுக்கென்னடே, அவருக்கும் தோள் இருக்குல்லா" என்றார் சத்தமாகவே. அந்த மனிதர் பத்திரிகைக் கட்டை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அன்று அந்தப் பியூனின் பாடையில் கால் பக்கம் தோள் கொடுத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை மன்றத்துக்கு அவர் வராத மாதம் கிடையாது. நானோ அண்ணனின் நாகரிகமின்மையை நினைத்து ஒரு வாரம் தலைகுனிந்து திரிந்தேன். அவருக்காக நான் வெட்கப்பட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு நான் பெரிய ஆளானேன். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் சேர்ந்து பொது மேலாளராக ஓய்வு பெற்றேன். சிறந்த நிறுவனங்களை உருவாக்குவது எது, உயர்ந்த தலைவர் என்பவர் யார் என்று பேசுவது என் தொழிலாகவே ஆனது. ஏசி மண்டபங்களில் திரையில் படம் போட்டுக் காட்டி, தொலைநோக்கு, பொறுப்புப் பகிர்வு என்று ஏழு தூண்களைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவேன். கை தட்டுவார்கள், பூங்கொத்து கொடுப்பார்கள். இத்தனை வருடங்களில் ஒரு மேடையிலாவது அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா என்றால், இல்லை. ஒரு ஹெட் கிளார்க்கிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

ஓய்வுக்குப் பிறகு நம் மன்றத்தின் மேல் என் பார்வை விழுந்தது. அதற்குள் கிட்வாய் நகரின் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். நம் குடும்பங்கள் துவாரகா, நொய்டா, குர்கான் என்று சிதறிவிட்டன. அண்ணனும் அண்ணியும் மயூர் விஹாரில் ஒரு சிறிய பிளாட்டுக்குப் போயிருந்தார்கள். அண்ணனுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. ஒரு கிழவர், ஒரு போன், ஒரு பை என்று ஒரு அமைப்பு நடக்கலாமா? பொதுக்குழுவில் எழுந்து திட்டத்தை விளக்கினேன். தலைவர் ஒருவர், மண்டலத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், வாட்ஸ்அப் குழு, உதவி எண், புதிய சின்னம். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. என்னையே தலைவராக்கினார்கள்.

அண்ணன் மட்டும் எழுந்தார். "பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போன் வந்தா யாருடே போவா?" என்று கேட்டார்.

"சிஸ்டம் பாத்துக்கும்ணே" என்றேன்.

"சிஸ்டத்துக்குக் காலு உண்டா?"

சபை சிரித்தது. நானும் சிரித்து, "அண்ணன் இன்னும் லேண்ட்லைன் காலத்துலயே இருக்காங்க" என்று மைக்கில் சொன்னேன். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. அண்ணனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் நடத்திய மனிதருக்கு அன்று ஒரு நன்றிகூடச் சொல்லாமல் தேநீருக்குக் கலைந்தோம்.

இனி எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, உதவி எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. அந்தப் போன் என்னிடம்தான் இருந்தது. எடுத்தவன் நான். பேசியவர் கலைச்செல்வி டீச்சர். சேலத்திலிருந்து கணவரின் மாற்றலால் வந்து கரோல் பாக்கில் வாடகைக்கு இருந்தார். அப்போது அவரை நான் பார்த்ததில்லை. கணவர் காலையில் எழுந்திருக்கவில்லை. "எனக்கு இந்தி வராதுங்க சார். வீட்டு ஓனர் ஏதேதோ கேக்கறாருங்க. என்ன பண்றதுன்னே தெரியலைங்க" என்று அழுதார். "கவலைப்படாதீங்கம்மா, எங்க டீம் வந்துரும்" என்றேன். குழுவில் விலாசத்தைப் போட்டேன். மேற்கு மண்டல ஒருங்கிணைப்பாளரின் பெயரைக் குறிப்பிட்டேன். கடைசியில் ஒரு கும்பிடு படம் போட்டேன். அன்று மத்தியானம் குர்கானில் ஒரு ஓட்டலில் எனக்குச் சொற்பொழிவு. தலைப்பைச் சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள், அதனால் சொல்லவில்லை.

அந்த ஒருங்கிணைப்பாளர் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தார். அவரும் அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடுகள். 'ஓம் சாந்தி', 'ஆழ்ந்த இரங்கல்', மறுபடி கும்பிடு. விரலால் தள்ளத் தள்ள முடியவில்லை. எல்லாரும் பார்த்தோம், எல்லாரும் கும்பிட்டோம், வேறு யாரோ போயிருப்பார்கள் என்று எல்லாருமே நினைத்தோம். ஒருவர்கூடக் கிளம்பவில்லை.

அண்ணனிடம் வாட்ஸ்அப் கிடையாது. அண்ணிதான் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அன்று நடந்ததை அண்ணி பிறகு என்னிடம் சொன்னார்கள்.

"யாரு போயிருக்கா?" என்று அண்ணன் கேட்டாராம்.

"எல்லாரும் கும்பிடு போட்டிருக்காவ."

"கும்பிடு கெடக்கட்டும். யாரு போயிருக்கா?"

எனக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறார். நான் மேடையில் ஏறுவதற்காக அதை ஊமையாக்கி வைத்திருந்தேன். அவ்வளவுதான், கதவுக்குப் பின்னாலிருந்து பையை எடுத்துவிட்டார். "இந்த வெயில்லயா? நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் இருக்கு உங்களுக்கு" என்று அண்ணி மறித்தார்கள். "எனக்குக் காதுல விழுந்துட்டே, என்ன செய்யச் சொல்லுத?" என்று சொல்லிவிட்டு மெட்ரோ ஏறிப் போய்விட்டார். எழுபத்தெட்டு வயது அவருக்கு.

அங்கே டாக்டரை அழைத்து வந்ததும், வீட்டு உரிமையாளரிடம் இந்தியில் பேசிச் சமாதானம் செய்ததும், டீச்சரை ஒரு பிஸ்கட் தின்ன வைத்ததும் அவர் ஒருவரே. தோள் கொடுக்க ஆள் இல்லை. தெருமுனையில் துணி தேய்ப்பவரையும் இரண்டு ரிக்‌ஷாக்காரர்களையும் "பையா, ஏக் ஆத்மி சாஹியே", ஒரு ஆள் வேண்டும் அண்ணா, என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நான்காவது தோள் அவருடையது. சாயங்காலம் நான் கூப்பிட்டபோது, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டுடே. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். வேறு யார் வந்தார்கள் என்று கேட்டேன். "யாரும் வரல. இருக்கட்டும்" என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஆகஸ்டில் மன்றத்தின் ஆண்டு விழா. உங்களில் பலர் அதில் இருந்தீர்கள். டீச்சர் ஒரு சால்வையோடு மேடைக்கு வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். "எனக்கு இந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாதுங்க. தலைவருக்குப் போன் பண்ணினேன். ரெண்டே மணி நேரத்துல ஒரு பெரியவரை அனுப்பி வெச்சாருங்க. உங்கள யாருங்க அனுப்பினதுன்னு கேட்டேன். மன்றத் தலைவர் அனுப்பினார்ம்மா, நீங்க தனியா இல்லன்னு சொல்லச் சொன்னார்னு சொன்னாருங்க" என்று சொல்லி அழுதுகொண்டே எனக்குச் சால்வை போர்த்தினார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அண்ணனைத் தேடினேன். கடைசி வரிசையில், டீ டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாரோடும் சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரியவர் வந்திருக்காருங்களா சார்? அவரையும் பாக்கணும்" என்று டீச்சர் மேடையிலேயே கேட்டார். அதோ உட்கார்ந்திருக்கிறார் என்று கை நீட்ட ஒரு நொடி போதும். அண்ணன் சட்டென்று குனிந்து செருப்பைத் தேடுவது போலப் பாசாங்கு செய்தார். நான் மைக்கைப் பிடித்து, "மன்றத்துல அப்படி நெறைய பேர் இருக்காங்கம்மா. எல்லாம் டீம் வொர்க்" என்றேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. தட்டியவர்களே, உங்கள் மேல் குற்றமில்லை. போர்த்திக்கொண்டவன் நான்.

காரில் திரும்பும்போது வாயைத் திறந்தேன். "அண்ணே, அந்தம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன். அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கெழவன் மட்டும் வந்தான்னு தெரிஞ்சா, மன்றம் செத்துப்போச்சுன்னு அந்தம்மா நெனைக்கும்லா. அது இருக்கட்டும்டே. நாளைக்கு யாருக்காவது ஒரு நம்பிக்கையா இருக்கும்" என்றார். என்னைக் காப்பாற்ற அவர் சொன்ன பொய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்திலும் நான்தான் நடுவில் இருந்தேன். சால்வை என் மடியில் இருந்தது.

ஜனவரியில், ஒரு காலை காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணி அழைத்து நான் ஓடினேன். குழுவில் செய்தி போட்டேன். போட்ட வேகத்தில் கும்பிடுகள் வர ஆரம்பித்தன. நான் அண்ணனின் காலடியில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூங்கில் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் என்ன காகிதம் வாங்க வேண்டும் என்று தெரியாது. ஏழு தூண்களும் தெரியும், இது தெரியாது. அண்ணி அந்தப் பையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

முதலில் மணியடித்தது கலைச்செல்வி டீச்சர். கரோல் பாக்கிலிருந்து தனியாக மெட்ரோவில் வந்திருந்தார். "குரூப்புல பாத்தேனுங்க சார். பாத்தப்புறம் எப்படிங்க வீட்ல இருக்கறது?" என்றார். உள்ளே வந்து முகத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, இவரா? சார், அன்னைக்கு நீங்க அனுப்பினீங்களே, இவருதானுங்களே? உங்க அண்ணனையேவா அனுப்பினீங்க?" என்றார். அண்ணன் முகத்துக்கு முன்னால் வைத்து நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "ஆமாம்மா" என்றேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தார், பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனார். யாரும் சொல்லித்தராமல் அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று எங்களோடு நின்றவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றியைச் சொல்ல வேண்டும். தொண்ணூறு தாண்டிய வயதில் கைத்தடியோடு வந்து, தோள் கொடுக்க முடியாததால் பாடையின் மூங்கிலைத் தொட்டுக்கொண்டே நடந்த அந்த இணைச் செயலாளர் ஐயாவுக்கும், டீச்சர் சொல்லி அனுப்பி கரோல் பாக்கிலிருந்து வந்த துணி தேய்ப்பவருக்கும், கும்பிடு போட்டதோடு நிற்காமல் நேரில் வந்த மன்றத்து நண்பர்களுக்கும் நன்றி. அண்ணனின் நெஞ்சைப் பல வருடம் ஓட வைத்த டாக்டருக்கும், ஐம்பது வருடம் அந்தப் பையில் பிஸ்கட் தீராமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் நன்றி.

டீச்சர், அண்ணனை நான் அனுப்பவில்லை. உங்கள் போனை எடுத்தவன் நான், போகாதவனும் நான். உங்கள் சால்வையை அண்ணியிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குத் தெரியும் தம்பி. எனக்கெதுக்கு இது? பைக்குள்ள வைங்க, யாருக்காவது போத்த ஆகும்" என்றார்கள். தலைவர் பதவியைப் போன மாதம் விட்டுவிட்டேன். உதவி எண் போனை மட்டும், வெட்கத்தை விட்டுக் கேட்டு, என்னிடமே வைத்துக்கொண்டேன்.

அதே வாரம் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. எடுத்தேன். குழுவில் எதுவும் போடாமல் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். வாசலில் போய் நின்றபோது என்ன சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. இறந்தவரின் மகள் கதவைத் திறந்தாள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், அழுது முகம் வீங்கியிருந்தது. என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள், ஆப்... நீங்க யாரு? உங்கள யாரு அனுப்பினாங்க?"

"எங்க அண்ணன் அனுப்பினார்மா" என்றேன்.